பரணியல்: குப்பம் வட்டார வீடுகளில் பழம்பொருள் அழகுப்பொருளாகும் முறை பற்றிய ஓர் ஆய்வு

பாயிரம்

ஒரு நூலைத் தொடங்குமுன் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டையும் சொல்லிவிட வேண்டும் என்று நன்னூல் விதித்திருப்பதால், இக்கட்டுரையும் அவற்றுள் தன்னால் இயன்றவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறது. நுதலிய பொருள், வீட்டில் கழிந்தனவும் பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைப்பனவுமான பொருள்களைக் கொண்டு, பெருஞ்செலவோ தேர்ந்த கைத்திறனோ இன்றி வீட்டை அழகுபடுத்தும் வழக்கம். கேட்போர், காலி அட்டைப்பெட்டியைத் தூக்கி எறியக் கை வராதவர்கள். பயன், அவர்களுடைய பழக்கத்துக்கு ஒரு தத்துவ ஆதாரம் கிடைப்பது. யாப்பைப் பொறுத்தவரை, பூசிய பசை காய்வதற்குள் படித்து முடிக்கத்தக்க உரைநடையே தேர்ந்துகொள்ளப்பட்டுள்ளது.

எல்லைதான் சற்றுச் சிக்கலானது. பழைய இலக்கண நூல்கள் வேங்கட மலையைத் தமிழகத்தின் வட எல்லையாக வகுத்திருக்க, குப்பம் அம்மலைக்குத் தெற்கே கிடப்பதால் இலக்கணப்படி எல்லைக்கு உள்ளேயும், 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானது முதல் நிர்வாகப்படி எல்லைக்கு வெளியேயும் இருக்கிறது. சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், ஒருபுறம் கிருஷ்ணகிரியும் மறுபுறம் கோலார் தங்கவயலும் நெருங்கி நிற்கும் இவ்வூரில், வீட்டுக்குள் ஒரு மொழியும் கடைத்தெருவில் இன்னொரு மொழியும் பேருந்தில் மூன்றாவது மொழியும் பேசுவோர் அபூர்வம் அல்லர். தென்மொழிகளை ஒருசேர ஆராய்வதற்கென்று திராவிடப் பல்கலைக்கழகம் 1997 இல் நிறுவப்பட்டதும் இவ்வூரில்தான். இம்மூன்று மொழியினரும் தீர்ந்துபோன ஹார்லிக்ஸ் புட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதில் காட்டும் ஒற்றுமை வேர்ச்சொற்களின் ஒற்றுமையைக் காட்டிலும் தெளிவானது என்றாலும், அது குறித்து ஒப்பாய்வு எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. அக்குறையை நீக்குவதே இம்முயற்சி.

முன்னோர் சொன்னவற்றுள் முதலில் எதிர்கொள்ள வேண்டியது பவணந்தி முனிவரின் தீர்ப்பு. பழையவை போவதும் புதியவை வருவதும் காலத்தின் இயல்பாகையால் குற்றமன்று என்று நன்னூலின் இறுதி நூற்பா கூறுவதை, மார்கழிக் கடைசியில் போகிக்காக வீட்டை ஒழிக்க முற்படும் மருமகள்கள் தமக்குச் சாதகமான சான்றாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அந்நூலைச் செய்வித்த சீயகங்கன் கங்கர் மரபினன் என்பதும், கங்கரின் பழைய தலைநகரான குவளாலபுரமே குப்பத்தின் அண்டை மாவட்டமான இன்றைய கோலார் என்பதும் இச்சான்றுக்கு ஓர் உள்ளூர்ச் செல்வாக்கையும் தந்துவிடுகின்றன. ஆயினும் நூற்பாவை ஊன்றிப் படிப்போர் இரண்டைக் கவனிக்கலாம். ஆசிரியர் பேசுவது சொல் வழக்கைப் பற்றியே அன்றி மூடி தொலைந்த எவர்சில்வர் டப்பாக்களைப் பற்றி அன்று என்பது ஒன்று. குற்றமன்று என்பது அனுமதியே தவிரக் கட்டளை ஆகாது என்பது மற்றொன்று. கழிக்கலாம் என்றாரே ஒழிய, கழித்தே தீர வேண்டும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. மாமியார் தரப்பின் வாதம் முழுவதும் இந்த இரண்டாம் குறிப்பின் மேல் நிற்கிறது. அது வலுவான வாதம் என்றே இக்கட்டுரை கருதுகிறது.

கோட்பாடு

பரண் என்பது அறையின் வாயிற்படிக்கு மேலே, கூரைக்கு இரண்டு மூன்றடி கீழே, மரச்சட்டத்தாலோ சிமெண்டுப் பலகையாலோ அமைக்கப்படும் தட்டு. ஏணியோ முக்காலியோ இன்றி எட்டாமை அதன் முதன்மை இலக்கணம். அட்டம் என்றும், அட்டாலி என்றும், புதிய வீடுகளில் சஜ்ஜா என்றும் ஸ்லாப் என்றும் இதனைச் சொல்வதுண்டு. வீட்டுத் திட்டம் வரைவோர் இதனைச் சாமான் வைக்கும் இடம் என்று குறிப்பிடுவது பெரும்பிழை. சாமான் வைக்கும் இடம் அலமாரி; சாமான் காத்திருக்கும் இடமே பரண். இந்த வேறுபாட்டிலேதான் இத்துறை முழுவதும் அடங்கியிருக்கிறது.

1979 இல் மைக்கேல் தாம்ப்சன் என்னும் பிரித்தானிய மானிடவியலாளர் குப்பைக் கோட்பாடு என்ற பெயரில் ஒரு நூல் வெளியிட்டார். நாள் செல்லச் செல்ல மதிப்புக் குறையும் பொருள்கள் ஒரு வகை. நாள் செல்லச் செல்ல மதிப்புக் கூடும் பொருள்கள் இன்னொரு வகை. முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு நேர்வழி கிடையாது. மதிப்பே இல்லாத குப்பை என்னும் நடுநிலையைக் கடந்துதான் ஒரு பொருள் அரும்பொருள் ஆக முடியும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். கவென்ட்ரி நகரில் 19-ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் நெய்து மலிவாக விற்ற சிறு பட்டுப் படங்கள், பின்னர் ஒருவரும் சீந்தாத நிலைக்கு இறங்கி, அதற்கும் பின்னர்ச் சேகரிப்போர் போட்டி போட்டு வாங்கும் விலைக்கு ஏறிய கதையை அவர் சான்றாக எடுத்துக்காட்டினார். பட்டுக்கூடு விளையும் குப்பம் வட்டாரத்துக்குப் பொருத்தமான சான்றுதான். ஆனால் அந்த நடுநிலைக் காலத்தில் பொருள் எங்கே கிடக்கும் என்ற கேள்விக்கு இடம் சார்ந்த விடையைத் தமிழ், தெலுங்கு, கன்னட வீடுகள் அந்நூலுக்கு வெகுகாலம் முன்பே சுவரிலேயே கட்டி வைத்துவிட்டன.

ஆகவே பொருளின் வாழ்வை மூன்று நிலைகளாகப் பிரிப்பது இங்குப் பயனுள்ளது. பொருள் தனக்கென்று விதிக்கப்பட்ட வேலையைச் செய்யும் காலம் வினைநிலை. வேலை தீர்ந்து, எறியவும் படாமல் எடுக்கவும் படாமல் கிடக்கும் காலம் கிடைநிலை. மீண்டும் கீழே இறங்கி, வண்ணமோ கயிறோ சமிக்கியோ ஏற்று, வருவோர் கண்ணில் படும்படி அமரும் காலம் அணிநிலை. கிடைநிலையைத் தாண்டாமல் எப்பொருளும் அணிநிலை எய்தாது என்பதே பரணியலின் முதல் விதி. நேற்றுத் தீர்ந்த ஊறுகாய்ப் புட்டியை இன்றே பூச்சாடி ஆக்கினால் வீட்டார் கண்ணுக்கு அது ஊறுகாய்ப் புட்டியாகவே தெரியும், மூக்குக்கும் அப்படியே. அதே புட்டி ஐந்தாறு ஆண்டு பரணில் கிடந்து, எதற்காக வாங்கினோம் என்பதே மறந்துபோன பின்னர் இறங்கும்போது, அதனுடைய தோள் வளைவும் கண்ணாடியின் தடிமனும் முதன்முறையாகக் கண்ணில் படுகின்றன. பயன் மறந்த பிறகே வடிவம் தெரிகிறது.

கிடைநிலைக்குள் ஒரு பொருளை அனுப்பும்போது சொல்லப்படும் வாசகம் ஒன்று உண்டு. தமிழில் அது, “இருக்கட்டும், எதுக்காவது ஆகும்” என்பது. தெலுங்கில், “உண்டனீ, தேனிகைனா பனிகொஸ்துந்தி”, கன்னடத்தில், “இர்லி பிடு, யாவ்துக்காத்ரூ ஆகுத்தெ.” இம்மூன்றும் ஒன்றை ஒன்று பார்த்து எழுதியவை அல்ல. கைக்குக் கிடைத்த பழைய துண்டுகளைக் கொண்டே புதியதைக் கட்டும் மனப்போக்கை 1962 இல் வெளியான நூலொன்றில் விரிவாக ஆராய்ந்த பிரெஞ்சு மானிடவியலாளர் குளோத் லெவி ஸ்ட்ராஸ், அத்தகைய கைவினைஞன் என்றைக்காவது உதவும் என்ற ஒரே காரணத்துக்காகப் பொருள்களைச் சேர்த்து வைப்பதைக் குறிப்பிடுகிறார். அவர் குப்பத்துக்கு வந்ததில்லை. வந்திருந்தால் நூல் இன்னும் சுருக்கமாக அமைந்திருக்கும்.

இவ்விதிக்குப் பெருஞ்சான்று சண்டிகரில் இருக்கிறது. அந்நகரின் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், 1957 முதல், உடைந்த வளையல், பீங்கான் ஓடு, கழிவறைக் கோப்பை, மின்கம்பிச் செருகி ஆகியவற்றைச் சேர்த்து, கட்டடம் கட்டத் தடை செய்யப்பட்டிருந்த காட்டுப்பகுதியில் யாருக்கும் தெரியாமல் ஒரு சிற்பத் தோட்டத்தை அமைத்து வந்தார். ஏறத்தாழ 18 ஆண்டுகளுக்குப் பின்னரே அது அதிகாரிகளின் கண்ணில் பட்டது. 1976 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, இன்று ராக் கார்டன் என்ற பெயரில் உலகறிய விளங்குகிறது. அரசு நிலத்தையே பரணாகப் பயன்படுத்திய ஒரே ஆய்வாளர் என்று அவரைச் சொல்லலாம். தொடங்கிய ஆண்டிலேயே பிடிபட்டிருந்தால் அது ஆக்கிரமிப்பு. 18 ஆண்டு கிடந்ததால் கலை.

பரணின் பகைவர்

பரணுக்குப் பகை நான்கு வகை: போகி, வெள்ளையடிப்பு, வாடகை வீடு மாறுதல், வாசலில் வரும் வணிகர். முதல் மூன்றும் காலத்தால் வருவன. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான்காவது எந்த நாளும் வரக்கூடியது.

ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரலை ஓடவிட்டுக்கொண்டு வண்டியில் வரும் பழைய இரும்பு, பேப்பர், பிளாஸ்டிக் வணிகர் எடைக்கு எடுப்பவர். அவருக்கு வடிவம் என்பதே கிடையாது. பித்தளைக் குத்துவிளக்கும் பித்தளைத் தாழ்ப்பாளும் அவர் தராசில் ஒரே இனம். அவருக்கு முன்னோரான, ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவர்கள், சிறுவர்களின் வழியாகப் பரணைக் கொள்ளையடித்த வரலாறு தனி நூலுக்குரியது. இவர்களைக் காட்டிலும் நுட்பமானவர், பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தரும் அம்மா. அவர் சேலையை விரித்து வெயிலுக்கு நேரே பிடித்துக் கிழிசல் பார்க்கும் முறையும், ஜரிகை இருந்தால் முகத்தில் ஒன்றும் காட்டாமல் மடித்துக்கொள்ளும் முறையும், நான்கு சேலைக்கு ஒரு கிண்ணம் என்று தொடங்கி ஆறாவது சேலையில் ஒரு தட்டைச் சேர்த்து முடிக்கும் பேரமும், பொருளியல் பாடநூல்கள் பண்டமாற்றைப் பற்றிச் சொல்பவற்றை விடத் தெளிவானவை. “இன்னும் ரெண்டு பேண்ட்டு இருந்தாப் பாரும்மா, மூடியோட தர்றேன்” என்று அவர் சொல்லும் கணத்தில், பிற்காலத்தில் மிதியடியும் போர்வையும் ஆகியிருக்கக்கூடிய துணிகள் மூடி போட்ட ஒரு டப்பாவாக முடிந்துபோகின்றன. அந்த டப்பாவும் காலப்போக்கில் மூடியைத் தொலைத்துப் பரணுக்கே வரும் என்பது வேறு விஷயம்.

பொருள்வகை

பரணில் மிகுதியாகக் காணப்படுவது கண்ணாடிப் புட்டி. இதில் மணி பிளாண்ட் வளர்ப்பது எளிய கைவேலைகளுள் முதலாவது. பசிபிக் பெருங்கடலின் மூரியா தீவுக்கு உரிய இக்கொடி, ஹார்லிக்ஸ் புட்டியையே தன் பிறப்பிடமாகக் கொண்டதுபோல இவ்வட்டாரத்துச் சன்னல்களில் வாழ்கிறது. கொடியின் கணு ஒன்றாவது நீருக்குள் இருக்க வேண்டும். கணுவில்லாத தண்டு வேர் விடாமல் அழுகும். புட்டிக்குள் வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும் என்பதால், சணல் கயிற்றைப் பசை தடவிச் சுற்றுவதோ வண்ணம் பூசுவதோ தேவைப்படுகிறது; அழகுக்காகச் செய்வதாகத் தோன்றும் இச்செயல் உண்மையில் வேருக்கு இருட்டு தருவது. ஒட்டிய தாளை வெந்நீரில் ஊறவைத்து உரித்து, எஞ்சிய பிசினைத் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, எண்ணெய்ப் பசை போகச் சோப்பால் கழுவிய பிறகே வண்ணம் கண்ணாடியில் பிடிக்கும். வாரம் ஒருமுறை நீரை மாற்றாவிட்டால் புட்டியில் வளர்வது கொடி மட்டும் அல்ல, கொசுவும்தான்.

துணி பரணுக்கு நேரே போவதில்லை. டிரங்குப் பெட்டி வழியாகப் போகிறது. பழைய சேலையை மூன்று விரல் அகல நாடாக்களாகக் கிழித்து, சடை போலப் பின்னி, பின்னலைச் சுருட்டிச் சுருட்டித் தைத்தால் மிதியடி. பருத்திச் சேலையில் செய்தது ஈரத்தை உறிஞ்சும். நைலக்ஸ் சேலையில் செய்தது ஈரத்தை உறிஞ்சாது என்பதோடு, மிதித்தவரையும் சறுக்கிவிடும். அழகில் இரண்டாவதே மேல் என்பதால் பல வீடுகளில் அது விருந்தினருக்கென்று ஒதுக்கப்படுகிறது. பழஞ்சேலைகளை நான்கைந்து அடுக்காக விரித்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டுச் செய்யும் ஒட்டுப்போர்வை, தெலுங்கில் பொந்த என்றும் கன்னடத்தில் கௌதி என்றும் வழங்கி, எல்லையின் இருபுறமும் குளிர் காக்கிறது. எறிந்த துணிகளைத் தைத்துத் துவராடையாக்கிய புத்த பிக்குகளுக்கு, மகத நாட்டு வயல்களின் வரப்பைப் பார்த்து ஆனந்தர் ஒட்டு வடிவம் அமைத்துக் கொடுத்ததாக விநய நூல்கள் கூறுவதால், இக்கைவேலையின் தொன்மை குறித்து ஐயத்துக்கு இடமில்லை. அவர்கள் சமிக்கி வைக்கவில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

இனி வருவது குப்பத்துக்கே உரியது. குப்பம், பலமனேர் பக்கத்து உழவர்கள் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். முதிர்ந்த புழு கூடு கட்டுவதற்கு ஏறிக்கொள்ளும் மூங்கில் தட்டியின் பெயர் சந்திரிகை. ஆறடிக்கு நாலடி அளவுள்ள மூங்கில் பாயின் மேல், இரண்டு விரல் உயரமுள்ள மூங்கில் நாடாவை வளையம் வளையமாகச் சுழியவிட்டுக் கட்டியிருப்பார்கள். ஏறக்குறைய ஆயிரம் புழுக்கள் அச்சுழிகளுக்கு இடையே தங்கி, பல நூறு மீட்டர் நீளமுள்ள ஒற்றை இழையால் தம்மைத் தாமே சுற்றிக்கொள்ளும். கூட்டை எடுத்தபின் தட்டியில் ஒட்டிய பஞ்சு போன்ற இழையைத் தீயில் வாட்டி அகற்றி, மருந்து தெளித்து, அடுத்த பயிருக்கு வைப்பார்கள். இப்போது மடக்கத்தக்க பிளாஸ்டிக் தட்டிகள் பரவிவிட்டதால், மூங்கில் சந்திரிகைகள் புழு மனையின் பின்சுவரில் சாய்ந்து நிற்கின்றன. சிலவற்றில் வடகம் காய்கிறது, சிலவற்றில் கோழி படுக்கிறது.

இத்தட்டி ஒன்றை நிமிர்த்தி வெள்ளைச் சுவரில் மாட்டினால், எந்த ஓவியரும் வெட்கப்படாமல் தன் பெயரிடத்தக்க சுழிக்கோலம் கிடைக்கிறது. வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை என்பதே அதன் சிறப்பு. வேப்பெண்ணெய் ஒரு கை தடவினால் உளு பிடிக்காது. பின்னால் ஒரு சிறு விளக்கை வைத்தால் மாலையில் சுவரெல்லாம் நிழல் சுழலும். முட்டைக்காக விடப்பட்டு அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய ஓட்டைக் கூடுகளோ நூற்க உதவாதவை. அவற்றை இதழ் இதழாக வெட்டிச் சாயமேற்றிப் பூவாகவும் மாலையாகவும் கட்டும் வேலை பட்டு வளர்க்கும் பகுதிகளில் பெண்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. இவ்வளவு இருந்தும், சந்திரிகையை முன்னறையில் மாட்டச் சொன்னால் புழு வளர்த்த குடும்பத்தினர் சிரிக்கிறார்கள். அவர்கள் மூக்கில் இன்னும் மல்பெரித் தழை மணம் இருக்கிறது. பொருள் வினைநிலையை விட்டு முழுதும் விலகவில்லை. புழுவையே பார்த்திராத வீட்டார்தான் முதலில் மாட்டுவார்கள். அதன் பிறகு உழவர் வீட்டிலும் அது ஏறும். ஒருவருடைய வினைநிலை மறதிக்காக இன்னொருவர் காத்திருக்க வேண்டியதில்லை என்னும் இக்கிளை விதி, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இறங்கிய எனாமல் வாளிகளை வெளியூரார் விலை கேட்கும்போதும் மெய்ப்படுகிறது.

இரும்பின் வழி வேறு. 2022 ஏப்ரல் 4 அன்று பிரிந்து அமைந்த திருப்பதி மாவட்டத்தில் உள்ள காளத்தியில், கலங்காரி ஓவியர்கள் தெய்வங்களின் உருவரைகளை எழுதும் கறுப்பு மை துருப்பிடித்த இரும்பிலிருந்து வருகிறது. பழைய ஆணி, தகட்டுத் துண்டு ஆகியவற்றை வெல்லம் கரைத்த நீரில் போட்டு, பல நாள் புளிக்க விடுகிறார்கள். புளிப்பில் உண்டாகும் அமிலம் துருவைக் கரைக்கிறது. துணியை முன்னதாகவே கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்த்து உலர்த்தி வைத்திருப்பதால், கம்பளியோ துணியோ சுற்றிய மூங்கில் கோலால் எழுதும்போது வெளிறித் தோன்றும் கோடு, கடுக்காயின் துவர்ப்பைத் தொட்டதும் கருக்கிறது. பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற இக்கலையின் முதல் மூலப்பொருள் பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைப்பது என்பதை, கலங்காரிச் சேலையின் விலையைக் கேட்டுத் திகைப்போர் நினைவில் கொள்வது நல்லது. வீட்டிலும் இதனைச் செய்து பார்க்கலாம்: ஒரு பழைய புட்டி, ஒரு பிடி துருவேறிய ஆணி, சிறிது வெல்லம், பழைய வெள்ளை வேட்டியில் ஒரு துண்டு, கடுக்காய்த் தூள். மூடியை இறுக்கக் கூடாது; புளிக்கும்போது எழும் வாயு புட்டியை உடைத்துவிடும். மற்றக் கைவேலைகளில் பரண் செய்யும் வேலையை இங்கே வேதியியலே செய்துவிடுகிறது என்பதால், கிடைநிலை என்பது மனத்தின் மயக்கம் மட்டுமே என்று சொல்வோர் வாய் அடைபடுகிறது.

மலிவு என்பதன் வரையறை

இக்கைவேலைகள் மலிவானவை என்று எல்லோரும் சொல்வதால், அச்சொல்லைச் சற்றே விளக்க வேண்டியிருக்கிறது. புட்டிக்கு விலை இல்லை. அதன்மேல் தடவும் ஃபெவிகால், அந்தப் பசை 1959 இல் சந்தைக்கு வந்ததிலிருந்து, இலவசமாகக் கிடைத்ததில்லை. வண்ணம், தூரிகை, சணல் உருண்டை, குந்தன் கல், சமிக்கி, சுவரில் மாட்ட ஆணி, ஆணி அடிக்கையில் பெயர்ந்த சுவர்ப்பூச்சுக்குச் சிறிது சிமெண்டு என்று கணக்கிட்டுப் பார்த்தால், கடையில் ஒரு புதிய சாடியே வாங்கியிருக்கலாம் என்ற முடிவுக்குக் கணவன்மார் வந்து சேர்கிறார்கள். இம்முடிவு கணக்கில் சரி, கருத்தில் தவறு. புதிய சாடி வாங்கினால் புட்டி பரணிலேயே இருக்கும்.

இதைவிட முக்கியமானது மிச்சப் பசை விதி. ஒரு கைவேலைக்கு வாங்கிய பசை அந்த வேலையோடு தீர்வதே இல்லை. திறந்த பசை காய்ந்துவிடும் என்பதால் அதனைத் தீர்க்க இன்னொரு கைவேலை தொடங்கப்படுகிறது; அதற்கு வண்ணம் போதாமல் புதிய டப்பா வாங்கப்படுகிறது; வண்ணம் மிஞ்சுவதால் மூன்றாவது தொடங்குகிறது. ஒரு வீட்டின் தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி ஒன்பது அலங்காரப் புட்டிகள் நிற்பதற்குக் காரணம் அழகுணர்ச்சி என்று கருதுவது மேம்போக்கான பார்வை.

1864 இல் திறக்கப்பட்ட ஜோலார்பேட்டை–பெங்களூர் இருப்புப்பாதை குப்பம் வழியாகவே செல்வதால், பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புவோர் அங்குள்ள அலங்காரக் கடைகளின் செய்திகளையும் கொண்டுவருகிறார்கள். புதிய மரத்தை உளியால் கீறி, வெள்ளைப் பூச்சைத் தேய்த்து, பழையது போலத் தோன்றச் செய்து பெருவிலைக்கு விற்கிறார்களாம். பரணியல் இதனைக் கடுமையாகக் கண்டிக்கிறது. கிடைநிலையைப் பட்டைத்தாளால் தேய்த்து வரவழைப்பது, ஊறுகாயை ஊறவைக்காமல் விற்பதற்கு ஒப்பாகும்.

விலக்குகள்

எல்லா விதிக்கும் விலக்கு உண்டு. காத்திருக்க இயலாத பொருள் பூ. திருமலைக் கோயில்களில் சாற்றிக் கழிந்த பூக்களைக் கொண்டு தேவஸ்தானம் 2021 இல் ஊதுவத்தி செய்து விற்கத் தொடங்கியது, பரண் ஏற்ற முடியாத பொருளுக்கு உரிய குறுக்குவழி. காத்திருக்க மறுக்கும் பொருள் ஃபிளெக்ஸ் பேனர். 1989 முதல் ஒரே உறுப்பினரைத் தொடர்ந்து சட்டமன்றத்துக்கு அனுப்பிவரும் தொகுதியில் பேனருக்குப் பஞ்சம் ஏற்பட வாய்ப்பில்லை. பிறந்தநாள் வாழ்த்து, திருமண வரவேற்பு, கண்ணீர் அஞ்சலி என்று எந்தப் பேனரும் விழா முடிந்த மறுநாளே மாட்டுத் தொழுவத்தின் கூரையிலும் விறகுக் குவியலின் மேலும் வினைநிலைக்குத் திரும்பிவிடுகிறது. முகம் உள்பக்கமா வெளிப்பக்கமா என்பதில் கட்சி வேறுபாடு எதுவும் பார்க்கப்படுவதில்லை. அச்சிட்ட பக்கம் வெயிலில் சீக்கிரம் வெளிறும் என்பதால் உள்பக்கம் என்பதே பெரும்பான்மை வழக்கு. மாடுகள் இதுபற்றிக் கருத்துத் தெரிவித்ததில்லை. ஓய்வே இல்லாத இப்பொருள் ஒருகாலும் அழகுப்பொருள் ஆகாது என்று துணிந்து சொல்லலாம்.

பரணியலை உண்மையில் சோதிப்பது மூன்றாவது விலக்கான கருங்கல். குப்பம் கிரீன் என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போகும் பச்சைச் சாயல் கொண்ட கிரானைட் இவ்வட்டாரத்தில் வெட்டப்படுகிறது. பாளமாக அறுக்கும்போது ஓரத்தில் கழியும் துண்டுகள், ஒரு முகம் வழுவழுப்பாகவும் மறுமுகம் மலையில் இருந்தபடியும் இருக்கும். வாங்குவோர் விரும்பும் அளவில் இல்லை என்பதே அவற்றின் குறை. வேலிக்கல், வாசற்படி, துவைக்கும் கல், கழனித்தொட்டி மூடி என்று அவை எங்கும் பயன்பட்டாலும், இரண்டு குட்டைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பலகைக் கல்லைப் படுக்கவைத்தால் பூந்தொட்டி வரிசைக்கு ஏற்ற அருமையான மேடை கிடைக்கும் என்பதே பல வீடுகளின் திட்டம். செலவு, தூக்கிவரும் ஆட்டோவின் வாடகை மட்டும்.

சிக்கல் எடையில் இருக்கிறது. மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் இருபது மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட கிரானைட் பலகை ஏறத்தாழ 22 கிலோ எடை இருக்கும். அதைப் பரணில் ஏற்ற எவரும் துணியார். ஏற்றினால் எப்போது இறங்கும் என்பதைப் பரண்தான் தீர்மானிக்கும். ஆகவே கல், கிடைநிலையை வாசலுக்கு அருகிலேயே, தரையில், எல்லோர் கண்முன்னும் கழிக்க நேர்கிறது. மறைவு இல்லாத இடத்தில் மறதி வளராது. முதல் வாரத்தில் பால்காரர் பாத்திரத்தை அதன்மேல் வைக்கிறார். அடுத்து, பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளை அதன்மேல் ஏறி நிற்கிறது. பிறகு பாட்டி வெற்றிலைப் பெட்டியோடு வந்து அமர்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டியும் வருகிறார். ஒருவர் தமிழிலும் ஒருவர் தெலுங்கிலுமாகப் பேச்சு நீள்கிறது. கல், அணிநிலைக்குப் போகும் வழியிலேயே திண்ணையாகிவிடுகிறது. இதனை அழகுப்பொருள் என்பதா, வினைநிலைப் பொருள் என்பதா, இரண்டும் கெட்டான் என்பதா என்ற வழக்கில் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் பரணியலுக்கு இல்லை. அந்தக் கல்லின்மேல் வரிசையாக வைப்பதற்கென்று வண்ணம் பூசி முடித்த தொட்டிகளோ, மாலை நாலு மணிக்கு மேல் அங்கே எப்போதும் யாராவது உட்கார்ந்திருப்பதால், பரணிலேயே இருக்கின்றன.